கொடிக்குக் கீழே அப்பா

இங்கிலீஷில் நீளமான சொற்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. எத்தனை எழுத்து இருந்தாலும் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுவேன். இத்தனூண்டு சொற்கள்தான் இன்றுவரை காலை வாரிவிடுகின்றன. இன், ஆன், அட். ஆபீஸில் ஒரு மெயில் அனுப்புவதற்குள் 'இன் தி மீட்டிங்' சரியா, 'அட் தி மீட்டிங்' சரியா என்று நான் மாற்றி மாற்றி அழித்து எழுதுவதைப் பார்த்துப் பக்கத்து சீட்டுப் பெண் சிரிப்பாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவளுடைய அப்பாவை எந்தச் சின்னச் சொல்லும் ஒன்றும் செய்ததில்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு. பெங்களூர் போகும் ஹைவேயை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஆறு வீடு, ஆறுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஆறிலும் கம்பெனிக்குப் போகும் குடும்பங்கள். நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஓனரம்மா வீட்டில் தெலுங்கு, எங்களுக்கு இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் சேலத்துத் தமிழ். ஒரு பிள்ளையையோ கோழியையோ காணவில்லை என்றால் எங்க, எக்கட, எல்லி என்று மூன்று விதமாகக் குரல் வரும். எந்த விதமாகக் கேட்டாலும் நாங்கள் பதில் சொல்லிவிடுவோம். அதில் எனக்கு ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை. நான்காவதாக ஒரு 'எங்கே' வந்து சேர்ந்தது. அதன் பெயர் 'வேர் இஸ்'. என் குழப்பமெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

இங்கிலீஷ் மிஸ் ஒரு டஸ்டரையும் ஒரு நாற்காலியையும் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். டஸ்டரை நாற்காலியில் வைத்து, "வேர் இஸ் தி டஸ்டர்?" என்பார். நாங்கள் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். 'தி டஸ்டர் இஸ்' வரைக்கும் எல்லோரும் கோயில் மணி மாதிரி ஒரே சத்தத்தில் சொல்லிவிடுவோம். அதற்கப்புறம்தான் ஆளுக்கொரு பக்கம் போவோம். நம் மொழியில் ஒரு 'ல' இருந்தால் உலகமே அடங்கிவிடும். டப்பால அரிசி, மேசைல புத்தகம், சுவத்துல பல்லி, கம்பெனில அப்பா. இங்கிலீஷ்காரர்கள் இந்த ஒரு 'ல'வை எதற்கு இத்தனை துண்டாக நறுக்கினார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

'இன்' என்றால் உள்ளே, 'ஆன்' என்றால் மேலே, 'அண்டர்' என்றால் கீழே, 'நியர்' என்றால் பக்கத்தில் என்று மிஸ் கரும்பலகையில் எழுதிப் போட்டார். சரி என்று நானும் தலையாட்டினேன். உடனே சுவரிலிருக்கும் பல்லி 'ஆன் தி வால்' என்றார். பல்லி சுவருக்கு மேலேயா இருந்தது? நடுச் சுவரில் அல்லவா ஒட்டிக்கொண்டிருந்தது? எழுந்து கேட்டேன்.

"அதுவும் ஆன்தான். சுவத்தத் தொட்டுக்கிட்டு இருக்குதில்ல?" என்றார் மிஸ்.

"ஃபேன் ஆன்ல இருக்குன்னு சொல்றோமே மிஸ், அது எதத் தொட்டுக்கிட்டு இருக்கு?"

"வாயப் பாரு இவளுக்கு. உக்காரு."

உட்காரப் போனவளை நிறுத்தி, டஸ்டரை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, வேர் இஸ் தி டஸ்டர் என்று என்னையே கேட்டார். பல்லியும் ஃபேனும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த நேரம். "தி டஸ்டர் இஸ் இன் தி சேர்" என்றேன். வகுப்பே சிரித்தது. நாற்காலியின் வயிற்றுக்குள் டஸ்டரா என்று கேட்டு, 'அண்டர்' என்று ஐம்பது தடவை எழுதிவரச் சொன்னார் மிஸ். எழுதினேன். எழுதி முடித்தபோது மற்ற சொற்களெல்லாம் மங்கிப்போய் அண்டர் மட்டும் எனக்குச் சொந்தச் சொத்தாகிவிட்டது. எதையாவது அண்டர் என்று சொல்லிவிட மாட்டோமா என்று நாக்கு பரபரத்தது.

அதே நாட்களில்தான் எங்கள் வீட்டிலும் இந்தச் சொற்கள் புழங்கிக்கொண்டிருந்தன. அப்பா ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தார். ஆறு வருடமாக ஒரே மெஷின். ஆனால் கம்பெனி ஆள் இல்லை. யாராவது விசாரித்தால், "இன்னும் காண்ட்ராக்டர் அண்டர்லதான் இருக்கேன்" என்பார். அந்த வருடம் காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று பேச்சு வந்தது. அதற்குப் பெயர் ஆன் ரோல். ஆன் ரோல் ஆகிவிட்டால் சாம்பல் நிறச் சட்டை போய் நீலச் சட்டை வரும், கம்பெனி பஸ் வரும், முக்கியமாக 'நாளையிலிருந்து வராதே' என்று ஒரு காண்ட்ராக்டர் வாசலில் நின்று சொல்ல முடியாது. சொந்த ஊரில் நிலம் நீச்சு இல்லாத எங்களுக்கு அது ஒன்றுதான் பிடிமானம். அம்மா குளிக்கும்போதும் ஆன் ரோல், கோலம் போடும்போதும் ஆன் ரோல் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அதில் கொஞ்சமும் விருப்பமில்லை. ஆன் என்றால் மேலே. ரோல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஹைவேயில் ட்ரெய்லர் லாரிகள் ஆளுயரத்துக்குச் சுருட்டி வைத்த இரும்புத் தகட்டை ஏற்றிக்கொண்டு போகும். அப்பாவின் கம்பெனிக்கும் அதுதான் வரும், அதற்கு ரோல் என்று பெயர் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். ஆக, ஆறு வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவரை நீலச் சட்டை போட்டு அதன் மேல் ஏற்றி உட்கார வைக்கப்போகிறார்கள். இதற்குப் போய் இத்தனை வேண்டுதலா?

"அப்பா அதுலருந்து விழுந்துர மாட்டாவளாம்மா?" என்று கேட்டேன்.

"ஏ மூதி, ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள்.

வீட்டிலுள்ளவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஐந்து வாக்கியம் எழுதிப் படமும் வரைந்து வரச் சொன்னார் மிஸ். நான்கு வாக்கியம் சொம்புக்கும் செருப்புக்கும் போனது. ஐந்தாவதாக 'மை ஃபாதர் இஸ் அண்டர் தி காண்ட்ராக்டர்' என்று எழுதி, ஒரு குண்டு மனிதரின் அடியில் அப்பா மல்லாந்து கிடப்பதாகப் படம் போட்டேன். மிஸ் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வகுப்பு மிஸ்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு ஸ்டார் போட்டார்கள். அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "காண்ட்ராக்டர் இவ்வளவு குண்டு இல்லட்டி" என்று மட்டும் சொன்னார்.

இனிமேல்தான் கொடிக்கம்பம் வருகிறது. எங்கள் தெரு மெயின் ரோட்டில் சேரும் இடத்தில் ஏதோ ஒரு தொழிற்சங்கத்தின் கொடிக்கம்பம் உண்டு. கொடி வெயிலில் வெளுத்து, முதலில் என்ன நிறத்தில் இருந்தது என்று கட்டியவருக்கே சந்தேகம் வரும்படி இருந்தது. கம்பத்தைச் சுற்றிச் சிமெண்டில் ஒரு மேடை. எதிரே டீக்கடை. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பொழுது சாயும்வரை மனிதர் உட்கார முடியாது. அதனால் லைன் வீட்டு ஆண்களெல்லாம் அந்த மேடையில்தான் காற்று வாங்குவார்கள். சங்கத்துக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேடை சும்மா கிடந்தது, உட்கார்ந்தார்கள். அம்மா தினமும் சாயங்காலம், "அப்பா எங்கட்டி?" என்பாள். "கொடிக்கம்பத்துல இருக்காவ" என்பேன். காப்பி ஆறுகிறது, கூட்டி வா என்பாள். ஓடுவேன். அந்த 'ல'வில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். ஓனரம்மா தோட்டத்தில். நான் வாசலில் உட்கார்ந்து சொம்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொண்டிருந்தேன். பைக்கில் ஒரு அண்ணன் வந்து இறங்கினார். கழுத்தில் அட்டை, கையில் ஒரு ஃபைல். ஆன் ரோலுக்கு எடுக்கும் முன் ஆள் சொன்ன விலாசத்தில்தான் இருக்கிறாரா, எப்படிப்பட்டவர் என்று பார்த்து எழுதிக்கொண்டு போக அவரைப் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அப்பாவின் பெயரைச் சொல்லி, "அப்பா எல்லி?" என்று கன்னடத்தில் கேட்டார்.

நான் கன்னடத்திலேயே 'கம்பத ஹத்ர' என்று சொல்லியிருந்தால் போதும். கம்பத்துக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். இரண்டே சொல், கதை முடிந்திருக்கும். ஆனால் அவர் கழுத்து அட்டையில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ஐ நோ இங்கிலீஷ், சார்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓ, வெரி குட். வேர் இஸ் யுவர் ஃபாதர்?"

மிஸ் டஸ்டர் எங்கே என்று கேட்டபோதெல்லாம் டஸ்டர் அவர் கண்ணெதிரேதான் கிடந்தது. நிஜமாகவே தெரியாமல் என்னிடம் 'வேர் இஸ்' கேட்ட முதல் ஆள் இவர்தான். எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன். 'கொடிக்கம்பத்துல' என்பதை மனதுக்குள் வைத்து உருட்டினேன். இன் என்றால் அப்பா கம்பத்துக்குள்ளே போய்விடுவார். ஆன் என்றால் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொள்வார். மேடைக்கு இங்கிலீஷில் என்ன என்று எனக்குத் தெரியாது. 'நியர் தி டீ ஷாப்' என்று சொல்லலாம், ஆனால் நியர் எல்லோருக்கும் தெரிந்த சொல், அதில் என்ன பெருமை? ஐம்பது தடவை எழுதிய அண்டர் தொண்டையில் வந்து நின்றது.

"மை ஃபாதர் இஸ் அண்டர் தி ஃப்ளாக், சார்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ஃப்ளாக்? தட் யூனியன் ஃப்ளாக்?" என்று தெருமுனைப் பக்கம் கையைக் காட்டினார்.

யூனியன் என்ற சொல்லும் எனக்குத் தெரிந்ததாகப் போய்விட்டது. நான் படித்தது பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம். "எஸ் சார். மை ஸ்கூல் ஆல்சோ யூனியன், சார்" என்றேன்.

"டெய்லி?"

"டெய்லி, சார். ஈவினிங். வித் ஃப்ரெண்ட்ஸ்."

அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று வாட்சைப் பார்த்தார். ஃபைலில் ஏதோ எழுதி அடியில் ஒரு கோடு போட்டார். உன் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ரேஷன் சர்க்கரையோடு வந்த அம்மா, வெரிஃபிகேஷனுக்கு ஆள் வந்ததைக் கேட்டதும் பையைக் கீழே வைக்காமலே, "எல்லாத்துக்கும் ஒழுங்கா பதில் சொன்னியாட்டி?" என்றாள்.

"ஃபுல் சென்டன்ஸ்ல சொன்னேன்."

அன்றைக்குக் கேசரி கிண்டினாள். ஆள் வந்துவிட்டது என்றால் முக்கால்வாசி முடிந்த மாதிரி என்று வலப்பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார். ஓனரம்மாவுக்கும் ஒரு கிண்ணம் போனது. அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து இன்னும் கொஞ்சம் கேசரி போடச் சொன்னார். வீட்டுக்குள் நான் அப்படி ஒரு மரியாதையை அதற்கு முன்பு பார்த்ததில்லை. இரும்புச் சுருளின் மேல் அப்பா உட்காருவதில் எனக்கிருந்த ஆட்சேபணையைக்கூட அன்று தள்ளி வைத்துவிட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் பெயர்களை ஒட்டினார்கள். அப்பாவின் பெயர் இல்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் பெயர்கள் இருந்தன. சூப்பர்வைசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, நீ சங்கத்து ஆளுன்னு ரிப்போர்ட்டுல வந்திருக்குது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றிருக்கிறார். தினமும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கொடிக்குக் கீழே உட்காருகிறவர் என்று எழுதியிருந்ததாம். அப்பா ஆபீஸ் வாசல்வரை போய், காற்றுக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று சொல்லிப் பார்த்தார். அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அன்னைக்கு வந்தவுக என்ன கேட்டாவ, நீ என்ன சொன்ன?" என்று என்னைக் கேட்டார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே ஒப்பித்தேன். ஒரு சொல்கூடத் தவறவில்லை.

"தமிழ்ல சொல்லு."

"அப்பா கொடிக்குக் கீழ இருக்காவ."

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். "டீக்கடைல இருக்காவன்னு சொன்னா ஒன் வாயி வெந்தா போவும்?"

அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விடு. கொடிக்குக் கீழதான இருந்தேன். பிள்ள தப்பாச் சொல்லல."

"அப்ப சரிதானப்பா?" என்றேன்.

"நூத்துக்கு நூறு."

பரீட்சையில்கூட நான் நூறு வாங்கியதில்லை. ஆனந்தமாக இருந்தது. நூறு வாங்கிய வீட்டில் அம்மா ஏன் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள் என்பதுதான் குழப்பமாக இருந்தது. ஆன் ரோல் என்றால் இரும்புச் சுருளின் மேலே உட்காருவது என்று நான் நினைத்தேன். கொடிக்குக் கீழே என்றால் கொடியைப் பிடிக்கிற ஆள் என்று அந்த அண்ணன் நினைத்தார். எனக்கு ஒன்பது வயது, அவருக்கு இருபத்தைந்தாவது இருக்கும். நியாயமாகப் பார்த்தால் எங்கள் மிஸ் அவருக்குத்தான் ஐம்பது தடவை எழுதக் கொடுத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அப்பா மேடைக்குப் போகவில்லை. எனக்கு அது தெரியாது. அடுத்த வாரம் ஒரு நாள் அம்மா வழக்கம்போலக் காப்பி ஆறுகிறது என்று என்னை அனுப்பினாள். மேடையில் மற்றவர்கள் இருந்தார்கள், அப்பா இல்லை. "உங்கப்பாவா? கம்பெனி ரோட்டுப் பக்கமா போனாரும்மா" என்றார் சேலத்து மாமா. பத்து நிமிடம் நடந்தேன். கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே, ரோட்டின் இந்தப் பக்கம், ஒரு மதகுக் கட்டையில் சாய்ந்துகொண்டு அப்பா நின்றிருந்தார். கேட் திறந்து கம்பெனி பஸ் வெளியே வந்துகொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் நீலச் சட்டைகள். அப்பா பஸ் போய் மறையும்வரை பார்த்தார்.

"இங்க ஏம்ப்பா நிக்கிய?"

"சும்மாதான்." என்னைப் பார்த்ததும் முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டார். "இப்ப எவனாவது வந்து அப்பா எங்கன்னு கேட்டா என்னன்னு சொல்லுவ?"

அந்த வாரம்தான் மிஸ் புதுச் சொல் நடத்தியிருந்தார். "மை ஃபாதர் இஸ் ஆப்போசிட் தி கம்பெனி" என்றேன்.

"ஆப்போசிட்டுன்னா?"

"எதிர். அப்பா கம்பெனிக்கு எதிர்ல இருக்காவ."

அப்பா சிரித்தார். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "ஏ தாயீ, கீழன்னு சொன்னதே போதும். எதிர்னு மட்டும் எவன்கிட்டயும் சொல்லிராத" என்றார். என்ன வேடிக்கை என்று தெரியாவிட்டாலும் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

"பின்ன என்ன சொல்லணும்?"

"ரோட்டுல நிக்காவன்னு சொல்லு. அது எப்படிப் பாத்தாலும் சரியாத்தான் இருக்கும்."

நீ முன்னால் போ, வருகிறேன் என்று அனுப்பிவிட்டார். வழியெல்லாம் எனக்கு இதே யோசனை. ரோட்டுல என்றால் இன்னா, ஆனா? ரோடு என்ன டப்பாவா, உள்ளே நிற்பதற்கு? கால் ரோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியானால் ஆன். யாரும் சொல்லித் தராமல் நானே கண்டுபிடித்த முதல் விடை. சந்தோஷம் தாங்காமல் ஓடினேன்.

அம்மா குழாயடியில் குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "அப்பா எங்கட்டி?"

எனக்கு மூச்சு வாங்கியது. நடுவிலிருந்த 'தி' எங்கோ விழுந்துவிட்டது. "ஆன் ரோட், ம்மா!" என்று கத்தினேன்.

அம்மா சட்டென்று திரும்பினாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் பார்க்கவில்லை. "ஆன் ரோலா? எடுத்துட்டாவளா? அப்பாவா சொன்னாவ?" என்று ஈரக் கையோடு என் தோளைப் பிடித்தாள். அவள் முகம் அப்படி ஒளிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

அவளுடைய உச்சரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. மிஸ் மாதிரியே விரலை நீட்டிக்கொண்டு, "ரோல் இல்லம்மா. கடைசியில 'ல்' வராது, 'ட்' வரும். ரோட்" என்று திருத்தினேன்.

அம்மா என் தோளை விட்டுவிட்டு வழிகிற குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னும் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு தடவை நன்றாகச் சத்தமாகச் சொல்லிக் காட்டினேன்.